பாரம் ஏற வேண்டிய வண்டி

திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளையும் அமெரிக்காவின் வில்லிஸ் ஸ்டேஷன் வேகனையும் ஒரே மூச்சில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் இருந்த வில்லிஸ்-ஓவர்லேண்டு நிறுவனம் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு ஜீப் செய்து பெயர் வாங்கியிருந்தது. போர் முடியும் நேரத்தில் குடும்பங்கள் வாங்கும்படியான வண்டி ஒன்று அதற்குத் தேவைப்பட்டது. கார்களுக்குத் தகடு அழுத்தித் தரும் ஆலைகளோ பெரிய நிறுவனங்களின் வேலையில் மூழ்கிக் கிடந்தன. வில்லிஸுக்கு வாய்த்தவை வீட்டுச் சாமான்களுக்குத் தகடு அழுத்தும் ஆலைகள். அங்கிருந்த பிரஸ்களால் தகட்டை ஏறத்தாழ ஆறு அங்குல ஆழத்துக்கு மேல் இழுக்க முடியாது. மில்வாக்கியைச் சேர்ந்த வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் அந்த ஆறு அங்குலத்துக்குள் அடங்கும் வண்டியை வரைந்தார். நிமிர்ந்த மூக்கு, தட்டையான பக்கங்கள், ஆழமில்லாத மட்கார்டுகள், சதுரமான பின்பகுதி. 1946-ல் வெளிவந்த அதுதான் பெருமளவில் உற்பத்தியான முதல் முழு இரும்பு ஸ்டேஷன் வேகன்.

அதுவரை வேகன்களின் பின்பாதி மரம். ரயிலடியிலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றிப் போவதற்காகத் தச்சர்கள் கட்டிய கூடு. ஆண்டுதோறும் வார்னிஷ் பூச வேண்டும், வெயிலில் இணைப்பு விடும், மழையில் ஊறும். வில்லிஸ் மரத்தைக் கைவிட்டது. வாங்குகிறவர்களின் கண் கைவிடவில்லை. ஆகவே இரும்புப் பக்கங்களில் மரச்சட்டம் போலத் தோன்றும்படி வண்ணம் தீட்டி விற்றார்கள்.

திருப்பூருக்கு வடமேற்கே அவிநாசி சாலைப் பக்கம் இருக்கிறது 15 வேலம்பாளையம். 2011-ல் மாநகராட்சியோடு சேரும்வரை தனி நகராட்சி. உள்ளே பனியன் கம்பெனிகள். அதை ஒட்டி, பித்தளைக்கும் செம்புக்கும் எவர்சில்வருக்கும் பேர்போன அனுப்பர்பாளையம். ஒரு பக்கம் துணி, ஒரு பக்கம் தகடு. அவிநாசி சாலையிலேயே மேற்கே போனால் வார்ப்படத்துக்கும் லேத்துக்கும் பெயர்பெற்ற கோயம்புத்தூர். அரிய பழைய வேகன் ஒன்றைப் பிரித்துப் போட்டு மறுபடி ஓட வைப்பதற்கு வேண்டிய அறிவில் பெரும்பகுதி இந்த ஒரு சாலையை ஒட்டியே கிடைக்கிறது. அந்த அறிவை எதற்காகச் செலவிடுவது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஆலையை விட்டு வெளிவந்த நாளின் மினுமினுப்புக்கு வண்டியைத் திருப்புவதா, அது பிறந்ததே எந்த வேலைக்காகவோ அந்த வேலைக்குத் திருப்புவதா?

இந்தியாவில் ஸ்டேஷன் வேகன் ஒருபோதும் கூட்டமாக ஓடியதில்லை. மகிந்திரா நிறுவனம் ஜீப்போடு வில்லிஸ் வேகன்களையும் இந்தியச் சாலைக்குக் கொண்டுவந்தது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தரபாராவில் அம்பாசடரின் எஸ்டேட் வடிவத்தைச் சிறிய எண்ணிக்கையில் செய்தது. பம்பாயின் ஃபியட் 1100, வெளியிலிருந்த பாடி கட்டும் கூடங்களில் பின்பக்கம் நீட்டப்பட்டு சஃபாரி என்ற பெயரில் வேகனானது. 1992-ல் டெல்கோ தன் டாட்டாமொபைல் பிக்கப்பின் சேஸிஸ் மீது டாட்டா எஸ்டேட்டைக் கட்டியது. 1948 சி.சி. டீசல் என்ஜின், பவர் ஸ்டியரிங், பவர் விண்டோ என்று அன்றைய இந்தியக் கார்களில் அரிதாயிருந்த வசதிகள் அதில் இருந்தன. முகத்திலும் பக்கவாட்டிலும் பழைய பென்ஸ் எஸ்டேட்டின் சாயல் தெரியும்.

இவை ஏன் பெருகவில்லை? வேகன் சாமானுக்கு இடம் கொடுத்தது. இங்கே குடும்பங்கள் ஆட்களுக்கு இடம் தேடின. 1994-ல் அதே டெல்கோவின் சுமோ வந்தபோது அந்த இடம் கிடைத்துவிட்டது. பத்துப் பேர் ஏறிக் கல்யாணத்துக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். நீண்ட பின்பகுதியைப் பார்த்தாலே ஆம்புலன்ஸ் நினைவு வருகிறது என்ற மனத்தடையும் சேர்ந்துகொண்டது. சாமான் ஏற்ற 1984 முதல், பின்னாளில் ஆம்னி என்றான மாருதி வேனும், 2005-க்குப் பிறகு டாட்டா ஏஸும் வந்தன. பனியன் பண்டலும் துணி ரோலும் அவற்றில் ஏறின. முதலாளியின் குடும்பமும் கம்பெனியின் சரக்கும் ஒரே வண்டியில் போகலாம் என்ற எண்ணம் இரண்டாகப் பிரிந்து, நடுவில் நின்ற வேகன் காணாமல் போயிற்று.

எஞ்சியவற்றை மீட்பதில் முதல் சிக்கல், வேகன் பாதி பொது வண்டியாகவும் பாதி அநாதையாகவும் இருப்பது. அம்பாசடர் எஸ்டேட்டின் முன்பாதிக்கு வேண்டிய எல்லாம் நாடு முழுக்கக் கிடைக்கும். 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை ஓடிய உற்பத்தி அது. சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் சுற்றினால் பானெட், கிரில், பிரேக் டிரம் வரை கைக்கு வரும். முன்சீட்டுக்குப் பின்னால் போகப்போக நிலைமை வேறு. நீண்ட கூரைத் தகடு, பின்பக்க ஜன்னல் சட்டம், பின்கதவு, அதன் கீல், பூட்டு, ரப்பர் பீடிங் என எல்லாமே அந்தச் சிறு எண்ணிக்கை வண்டிகளுக்கு மட்டும் செய்தவை. பாடி கட்டும் கூடத்தில் பிறந்த ஃபியட் சஃபாரியில் இது இன்னும் கடினம். கைவேலையில் ஒரு வண்டியின் ஜன்னல் அளவு அடுத்ததற்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது.

கண்ணாடி ஒரு தனி அத்தியாயம். வில்லிஸ் வேகனின் பக்கக் கண்ணாடிகள் தட்டையானவை. அட்டையில் அளவெடுத்துக் கொடுத்தால் லேமினேட் செய்த பாதுகாப்புக் கண்ணாடியை வெட்டித் தருவார்கள். டாட்டா எஸ்டேட் காலத்து வண்டிகளின் டஃபன்டு கண்ணாடியை அப்படி வெட்ட முடியாது. பதப்படுத்திய பிறகு வெட்டினால் முழுக்கச் சிதறிவிடும். முதலில் வெட்டி, வளைத்து, பிறகுதான் பதப்படுத்த வேண்டும். அதற்கு அச்சு வேண்டும். ஒரே ஒரு கண்ணாடிக்காக அச்சு செய்ய யாரும் எளிதில் முன்வர மாட்டார்கள். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் அரிய வேகனை வாங்கப் போகும்போது என்ஜினைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் பின்கண்ணாடிகளை எண்ணுகிறார்கள். என்ஜினுக்கு வழி உண்டு.

தகடு இன்னொரு அத்தியாயம். வில்லிஸ் வேகனின் பின்கதவு இரண்டு துண்டு. மேல்பாதி தூக்கிக்கொள்ளும்; கீழ்பாதி இறங்கித் தட்டாகும், நீளமான சாமானைத் தாங்கும். அந்தக் கீழ்க்கதவின் அடிமடிப்பில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், துரு வெளியே தெரியாமல் தின்னும். பின்சக்கர மேடையும் தரைத்தகட்டின் ஓரமும் இப்படியே. திருப்பூர் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் கடற்கரை ஊர் வண்டிகளைவிட இங்கே வளர்ந்த வண்டிகள் கொஞ்சம் தப்பிக்கின்றன. ஆனாலும் அடிமடிப்பைத் திறந்து பார்க்காமல் பட்டி போட்டு மூடினால் இரண்டு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்பளிக்கும்.

இங்கேதான் அனுப்பர்பாளையத்து அறிவும் டிங்கர் மேஸ்திரியின் அறிவும் ஒன்றையொன்று தொடுகின்றன. பாத்திரத் தகடும் வண்டித் தகடும் வேறுவேறுதான். இரண்டிலும் விதி ஒன்றே: சுத்தியல் விழுந்த இடத்தில் தகடு மெலிந்து பரவும். ஒடுங்கிய மட்கார்டை அவசரமாக அடித்து நிமிர்த்தினால் பரப்பு கூடி, விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும் மேடாகிவிடும். அதை அடக்கக் காசளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரத்துணியால் குளிர்விக்க வேண்டும். தகடு தானே சுருங்கும். ஆறு அங்குல எல்லைக்குள் வரையப்பட்ட வில்லிஸின் ஆழமில்லாத வளைவுகள் இப்படிக் கையாலேயே திரும்ப எடுக்கக்கூடியவை. வசதிக்குறைவால் வந்த அந்த எளிய வடிவம், எழுபது எண்பது ஆண்டு கழித்து, பிரஸ்ஸே இல்லாத பட்டறையிலும் வண்டிக்கு உயிர் கிடைக்க வழி வைத்திருக்கிறது.

நிறத்துக்கு வந்தால் திருப்பூர் சொல்லித்தர நிறைய இருக்கிறது. பழைய வண்டியின் முதல் நிறம் வெளியே தெரிவதில்லை. டேஷ்போர்டின் பின்புறம், தரைவிரிப்பின் அடி, கதவு மூடும் விளிம்பு என்று வெயில் படாத இடங்களில் ஒளிந்திருக்கும். ஒரு மூலையில் எமரி தாளால் மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் வண்டி பூசிக்கொண்ட ஒவ்வொரு கோட்டும் வளையம் வளையமாக வெளிவரும். நடுவில் ப்ரைமர், அதைச் சுற்றி ஆலை நிறம், பிறகு வந்த சொந்தக்காரர்களின் விருப்பங்கள். முதல் வளையத்தை எடுத்து ஷேடு பிடிப்பதுதான் கஷ்டம். டூகோ என்று நம் பட்டறைகள் சொல்லும் பழைய நைட்ரோ செல்லுலோஸ் பூச்சின் ஆழமும் இன்றைய பாலியூரிதேன் பூச்சின் மினுமினுப்பும் ஒன்றல்ல.

சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிறவர் ஒரு துணித்துண்டை ஒரே விளக்கில் பார்த்து ஒப்புக்கொள்ள மாட்டார். பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கு, கடை வெளிச்சத்துக்கான டி.எல்.84 விளக்கு, புற ஊதா என்று லைட் பாக்ஸில் மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகளாகத் தெரியும் இரண்டு துண்டுகள் அடுத்த விளக்கில் பிரிந்துவிடும். சேர்ந்திருக்கும் நிறமிகள் வேறாக இருப்பதே காரணம். லேப் டிப் எனப்படும் சிறு மாதிரி சரியாக வந்தாலும், மொத்தச் சாயமான பல்க்கில் மாறலாம் என்பதும் அவருக்குத் தெரியும். வண்டிக்குப் பெயிண்ட் கலக்கும்போதும் இந்தப் பொறுமை வேண்டும். ஒரு தகட்டுத் துண்டில் அடித்து, காயவிட்டு, வெயிலிலும் நிழலிலும் டியூப்லைட்டிலும் பார்த்து, அப்புறம் பல்க்குக்குப் போவது. சாயம் நூலுக்குள் இறங்கும், பெயிண்ட் தகட்டை மூடும், வேதியியல் வேறு. கண்ணுக்கு வேண்டிய ஒழுக்கம் ஒன்றுதான்.

கடைசியில் பஃபிங் போட்ட பிறகு துடைப்பதற்கும் இந்த ஊர்ச் சரக்குதான். பனியன் கட்டிங் வேஸ்ட் இல்லாத மெக்கானிக் பட்டறை தமிழ்நாட்டில் ஏது? அதிலும் பெயிண்ட் வேலைக்கு வெள்ளை வேஸ்டையே கேட்டு வாங்குவார்கள். தின்னர் பட்டால் சாயம் இறங்காது.

என்ஜினில்தான் மனசாட்சிக்கு வேலை. பெட்ரோலில் பிறந்த எத்தனையோ அம்பாசடர்களும் ஜீப்புகளும் எரிபொருள் விலை ஏற ஏற டீசலுக்கு மாறின. மாட்டடோர் வேனின் டீசல் என்ஜின் பலவற்றில் ஏறியது. அப்படி மாறி இருபது முப்பது ஆண்டு ஓடிய ஒரு வேகன் இன்று கைக்கு வந்தால் அந்த டீசல் என்ஜின் அதன் வரலாறா, சிதைவா? பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-ல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம் இதற்கு உதவும். கட்டடங்களுக்கான 1964-ன் வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது அது. வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களும் அதன் சரித்திரமே என்றும், இப்போது செய்கிற மாற்றம் திரும்ப எடுக்கக்கூடியதாகவும் பதிவு செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றும் அந்த மரபு சொல்கிறது. வேகனைப் பொறுத்தவரை இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். பிழைப்புக்காக ஓடிய வண்டி பிழைப்பின் கணக்குப்படிதான் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தைக் கறை என்று துடைப்பது, அதை ஓட்டிச் சம்பாதித்தவர்களின் காலத்தைத் துடைப்பது.

சட்டம் வேறு கோணத்தில் பார்க்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவானது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அரிய வண்டிக்கு நாடு தரும் மரியாதை இது, வரவேற்க வேண்டியது. கூடவே ஒரு நிபந்தனை: கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்கு மட்டுமே வெளியே வரலாம். அன்றாட ஓட்டம் கூடாது.

ரோல்ஸ் ராய்ஸுக்கு அந்த நிபந்தனை பொருந்தும். கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015-ல் திறந்த ஜீ.டி. கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால், அசையாமல் நிற்பதிலும் ஒரு கௌரவம் உண்டென்று புரியும். 1920-ல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டித் தொழில் தொடங்கியவர் நாயுடு. ஓடிச் சம்பாதித்த வண்டியின் மதிப்பு அந்தப் பரம்பரைக்குத் தெரியும். ஆனால் எல்லா வண்டியும் அருங்காட்சியகத்துக்குப் போக முடியாது, போகவும் வேண்டாம். வேகனின் அழகு முழுக்க அதன் பின்பாதியின் பயனில் இருக்கிறது. வின்டேஜ் பதிவு பெற்று வெறுமையாக நிற்கும் வேகன், தன் உருவத்தை வைத்துக்கொண்டு தொழிலை இழந்த வண்டி.

ஆகவே வேலம்பாளையத்தில் ஒருவர் இப்படியொரு வேகனை எடுத்துச் சரிசெய்தால் பழைய வழியே நல்லது: திருப்பூர் வடக்கு ஆர்.டி.ஓ.வில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிப்பது. செலவு குறைவில்லை; 2022 ஏப்ரலில் கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019-ல் உறுதிப்படுத்தியிருக்கிறது. என்ஜின் மாறினால் ஆர்.சி.யில் ஏற வேண்டும், நிறம் மாறினாலும் ஏற வேண்டும். இந்த வேலிக்குள் செய்யக்கூடிய சிறு மாற்றங்கள் போதுமானவை.

எது சிறு மாற்றம்? வண்டி இன்றைய சாலையில் பத்திரமாகப் பாரம் சுமக்க எது தேவையோ அது. ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பது. பழைய சுவிட்ச் வழியாக முழு மின்சாரமும் ஓடிக் கருகாமல் இருக்கும். டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர். முன்சீட்டுக்கு மூன்று முனை பெல்ட். ரேடியல் டயர். பெட்ரோல் வண்டியானால் ஹெட்டைத் திறக்கும்போதே கடினமான வால்வு சீட் பொருத்துவது. நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நின்றுவிட்டது, ஈயத்தின் காப்பில்லாமல் பழைய வார்ப்பிரும்புச் சீட் தேய்ந்து இறங்கும். இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பர் குழாயையும் கார்க் கேஸ்கட்டையும் அது உப்ப வைத்து இளக்கும், ஈரத்தை இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய் மாற்றாமல் பெட்ரோல் வேகனைச் சாலைக்கு எடுப்பது தீயோடு விளையாடுவது. இவை எதுவும் வண்டியின் முகத்தை மாற்றுவதில்லை. கழற்றிய டைனமோவைத் துடைத்து, எண்ணெய் பூசி, சீட்டு கட்டி வைத்தால் நாளை ஒருவர் திரும்பவும் பொருத்தலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவை: பின்தரையை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி புதைப்பது, மட்கார்டு விளிம்பை வெட்டி அகல டயர் போடுவது, பின்கதவை வெல்டு வைத்து மூடுவது. அரிய வண்டியில் அறுத்த தகடு திரும்பாது. எத்தனையோ பட்டறைகளில் இந்த வேலை அன்போடுதான் நடக்கிறது என்பது வருத்தத்தைக் கூட்டுகிறது.

வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்? வெறும் வண்டியை அவிநாசி வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினால் பாதிச் சோதனைதான் ஆகியிருக்கும். பின்பக்கம் துணி ரோல்களை ஏற்ற வேண்டும், ஆலை குறித்த பாரம் வரைக்கும். அப்போதுதான் பிளேட் ஸ்பிரிங் எவ்வளவு உட்காருகிறது, டயர் மட்கார்டைத் தொடுகிறதா, பின்கதவின் இடைவெளி இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா, புதிய பீடிங் தூசியை விடுகிறதா என்பதெல்லாம் தெரியும். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே ஏறி எதிரே வருகிறவரின் கண்ணைக் குத்தும். பாரத்தோடு நிறுத்திச் சுவரில் ஒளி அடித்துத் திருத்த வேண்டும். பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதி வைப்பது: பெயிண்ட் கலவையின் அளவு, அதைத் தெளித்த மாதிரித் தகடு, பின்கண்ணாடிக்கு வெட்டிய அட்டை, பீடிங்கின் குறுக்குவெட்டுத் துண்டு, வெல்டு வைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், மாற்றிய உறுப்புகளின் பட்டியல். இதே வேகனை வேறெங்கோ ஒருவர் பின்கதவில்லாமல் வைத்துக்கொண்டு அளவு கேட்டு அலைந்துகொண்டிருக்கலாம். அட்டையை ஒரு பிரதி எடுத்து அவருக்கு அனுப்பினால் அந்த வண்டியும் இந்த ஆண்டே சாலைக்கு வரும்.